லோஜிக்கல் ரீசனிங் கேள்வி-பதில்: பிழைக் கொப்பி எங்க?

இந்தமுறை வந்ததில முக்கால்வாசி எல்சாட் (கனடா, அமெரிக்காவில லோ படிக்க எழுதுற நுழைவுச் சோதினை) பற்றின கேள்வியள்தான். கனடாவுக்குப் போய் லோ படிக்கிற எண்ணத்தில இஞ்ச யாழ்ப்பாணத்தில இருந்து ஆயத்தப்படுத்துற பிள்ளையளும் எழுதியிருக்கினம், அங்கயே பிறந்து வளர்ந்த பிள்ளையளும் எழுதியிருக்கினம். நல்ல விசயம். ஆனா நாலு பேர் எந்தச் சோதினை எண்டே சொல்லாமல் "லோ எக்ஸாமுக்கு லோஜிக் எப்பிடிப் படிக்கிறது" எண்டு ஒற்றை வரியில கேட்டு விட்டிருக்கினம். எல்சாட் வேற, லண்டன் பக்கத்து எல்நாட் வேற, புதுக்கடை லோ கொலிஜ் சோதினை வேற. எந்தச் சோதினை, எப்ப எழுதப் போறியள், இப்ப எவ்வளவு எடுக்கிறியள், இந்த மூண்டையும் எழுதி அனுப்புங்கோ, கட்டாயம் பதில் சொல்லுறன்.

ஸ்காபரோவில இருக்கிற அண்ணா ரெண்டு லோஜிக் கேம்ஸ் புத்தகம் அனுப்பினவர். முதல் எதைத் தொடங்க? (கொக்குவில்)

ரெண்டையும் தொடங்க வேண்டாம். 2024 ஆகஸ்ட்டோட எல்சாட்டில கேம்ஸ் எண்ட புதிர்ப் பகுதியை எடுத்துப்போட்டினம். இப்ப மார்க்ஸ் விழுறது ரெண்டு லோஜிக்கல் ரீசனிங் (சின்னப் பந்தியில இருக்கிற வாதத்தைப் பிரிச்சுப் பாக்கிற பகுதி), ஒரு ரீடிங், அவ்வளவுதான். நாலாவதா ஒரு செக்ஷன் வரும், அதுக்கு மார்க்ஸ் இல்லை, ஆனா எது அது எண்டு உங்களுக்குத் தெரியாது, ஆனபடியா எல்லாத்தையும் ஒழுங்காச் செய்யவேணும். யோசிச்சுப் பாருங்கோ, ஸ்கோரில மூண்டில ரெண்டு பங்கு இப்ப லோஜிக்கல் ரீசனிங்தான். பழைய புத்தகம் வாங்கிற ஆக்கள் முதல் ஆண்டைப் பாருங்கோ.

ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம்? (நெல்லியடி)

ஒரு செக்ஷனுக்கு 35 நிமிசம், 25 கேள்வி மட்டில. ஒண்டுக்கு ஒண்டரை நிமிசமும் இல்லை. முன்னால கிடக்கிறது பொதுவா லேசு, அதில சேர்த்து வைக்கிற நேரம்தான் பின்னுக்கு உதவும். பிழைக்கு மார்க்ஸ் வெட்ட மாட்டினம், ஆனபடியா ஒண்டையும் வெறுமையா விடாதேங்கோ. ஆனா தொடங்கி முதல் ஒரு மாதம் மணிக்கூட்டைப் பாக்க வேண்டாம். ஆறுதலாச் செய்து சரி வராதது கெதியாச் செய்து சரி வராது.

'சம்' எண்டு வந்த விடையைப் பிழையெண்டு விட்டன், அதுதான் சரியாம். ஏன்? (சாவகச்சேரி)

நல்ல கேள்வி, கன பேர் விழுற இடம். நாங்கள் "சில பேர் வந்தவை" எண்டு சொன்னால் எல்லாரும் வரேல்ல எண்டுதான் கேக்கிற ஆளுக்கு விளங்கும். சோதினையில 'சம்' எண்டால் குறைஞ்சது ஒண்டு, அவ்வளவுதான், எல்லாராவும் இருக்கலாம். "எல்லா ரீச்சர்மாரும் சைக்கிளில வருகினம்" எண்டு பந்தியில இருந்தால் "சில ரீச்சர்மார் சைக்கிளில வருகினம்" எண்ட விடை சரி. 'மோஸ்ட்' எண்டால் அரைவாசிக்கு மேல, அதுவும் எல்லாராவும் இருக்கலாம். ஒரு வகுப்பில அரைவாசிக்கு மேல கண்ணாடி போடுகினம், அதே வகுப்பில அரைவாசிக்கு மேல சைக்கிளில வருகினம் எண்டால் கண்ணாடியும் போட்டு சைக்கிளிலயும் வாற பிள்ளை ஒண்டாவது கட்டாயம் இருக்கு. இதைப் பாடமாக்காமல் பத்துப் பிள்ளையைக் கொப்பியில கீறிப் பாருங்கோ, பிறகு மறக்காது.

'இஃப்', 'ஒன்லி இஃப்' ரெண்டும் ஒவ்வொரு முறையும் மாறிப்போகுது சேர். (வவுனியா)

தமிழில உங்களுக்கு உது மாறாது தம்பி. "படிச்சால் பாஸ்" எண்டு அம்மா சொல்லுறதும் "படிச்சால்தான் பாஸ்" எண்டு சொல்லுறதும் ஒண்டா? முதலாவதில படிப்பு மட்டும் காணும். ரெண்டாவதில படிப்பு கட்டாயம் வேணும், ஆனா படிச்ச எல்லாரும் பாஸ் எண்டு அம்மா சொல்லேல்ல. அந்தத் 'தான்' தான் 'ஒன்லி இஃப்'. இங்கிலிஷ் வசனத்தைக் கண்டதும் அந்தத் 'தான்' எங்க விழுது எண்டு பாருங்கோ, முடிஞ்சுது.

'அன்லெஸ்' எண்டால் 'இல்லாட்டி'. டிக்கெட் இல்லாட்டி உள்ள போகேலாது எண்டால், உள்ள நிக்கிற ஆளிட்ட டிக்கெட் இருக்கு. டிக்கெட் வைச்சிருக்கிற எல்லாரும் உள்ள நிக்கினம் எண்டு இல்லை.

இன்னொண்டு. நல்லூரில கொடியேறினால் கோயில் வீதியால வாகனம் விட மாட்டினம். இதை விதியா எடுங்கோ. இண்டைக்கு வீதி பூட்டிக் கிடக்கு, அதால கொடியேறிட்டுது எண்டு சொல்லேலுமா? ஏலாது, தார் போடவும் பூட்டியிருக்கலாம். ஆனா வாகனம் போகுது எண்டால் கொடி ஏறேல்ல எண்டு துணிஞ்சு சொல்லலாம். விதியைப் பின்பக்கத்தால திருப்பிப் போறதெண்டால் ரெண்டு பக்கத்தையும் மறுத்துப் போட்டுத்தான் போகவேணும்.

60 பேப்பர் செய்திட்டன். ஸ்கோர் (180 தான் ஆகக் கூட) 151, 152 இலயே நிக்குது. இன்னும் எத்தினை செய்யவேணும்? (திருநெல்வேலி)

ஒண்டும் செய்ய வேண்டாம். இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

இதை எத்தினை தரம் எழுதிட்டன் எண்டு எனக்கே கணக்கில்லை, ஆனாலும் விட மாட்டன், ஏனெண்டால் எங்கட ஊரில படிப்பெண்டால் பேப்பர் அடிக்கிறது எண்டு சின்னனிலேயே பழக்கி விட்டிட்டினம். நான் ஏ.எல் படிக்கேக்க ஒரு பேப்பர் கிளாசுக்குப் போனனான், ஞாயிறு காலமை ஏழு மணிக்குத் தொடங்கி ஒரு நாளில மூண்டு பேப்பர், கடைசியில ஒரு ஆள் முன்னால நிண்டு "ஒண்டு மூண்டு, ரெண்டு அஞ்சு, மூண்டு ஒண்டு" எண்டு விடை நம்பரை மட்டும் வாசிப்பார், நாங்கள் சரி போட்டு, பிழை போட்டு, கூட்டிப்போட்டு வீட்ட போவம். ஏன் மூண்டு, ஏன் ரெண்டு இல்லை எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல, நானும் கேக்கேல்ல. ஒரு வருசம் அப்பிடிப் போச்சுது. முதல் பேப்பரில விட்ட அதே பிழையைத்தான் கடைசிப் பேப்பரிலயும் விட்டனான். அந்த வருசத்தை நினைச்சால் இப்பவும் மனம் எரியும், அதுதான் இவ்வளவு கத்துறன்.

போன மாதம் உங்களை மாதிரி ஒரு தம்பி கொப்பியோட வந்தவர். நான் குடுத்த ஒரு பந்தி இது: ஊரில குழாய்க்கிணறு அடிச்ச பிறகு பக்கத்துக் கிணறுகள் உவராப் போச்சுது, ஆனபடியா குழாய்க்கிணறுதான் காரணம். இந்த வாதத்தை ஆகக் கூடப் பலவீனமாக்கிறது எது எண்டு கேள்வி. அவர் தெரிஞ்சது "குழாய்க்கிணறு அடிக்கச் செலவு கூட" எண்டதை. கொப்பியில பக்கத்தில 'கவனயீனம்' எண்டு எழுதியிருந்தவர். முடிவு எது எண்டு கேட்டன், முதல் வரியைக் காட்டினார். அங்க நடந்தது கவனயீனம் இல்லை, முடிவு எதெண்டே அவர் தேடேல்ல. "ஆனபடியா" வுக்குப் பிறகு கிடக்கிறதுதான் முடிவு, அது ஒரு காரணம் சொல்லுது, அப்ப வேற காரணம் இருக்கா எண்டு தேடவேணும். அதே வருசம் குழாய்க்கிணறே இல்லாத அடுத்த ஊர்க் கிணறுகளும் உவராகினது எண்டு ஒரு விடை இருந்தது. அதுதான் அடி. செலவு கூடினால் என்ன, குறைஞ்சால் என்ன, தண்ணிக்கு அது தெரியாது.

ஆனபடியா நீங்கள் செய்யவேண்டியது இதுதான். செய்த 60 இல கடைசிப் பத்தை எடுங்கோ. பிழை விட்டது, சரிவந்தும் சந்தேகமா இருந்தது, ரெண்டையும் விடையைப் பாக்காமல் திரும்பச் செய்யுங்கோ. பிறகு ஒவ்வொண்டுக்கும் ஒரு கொப்பியில மூண்டு வரி, அதுதான் பிழைக் கொப்பி: முடிவு எது, நான் தெரிஞ்ச விடை ஏன் பிழை, சரியான விடை ஏன் சரி. 'கவனயீனம்', 'அவசரம்' எண்ட சொல்லுக் கொப்பியில வரக்கூடாது. ஒரு செக்ஷன் செய்ய 35 நிமிசம் எண்டால் அதைத் திருத்த ரெண்டு மணித்தியாலம் போகும், போகட்டும். ஒரு நாற்பது ஐம்பது கேள்வி எழுதின பிறகு கொப்பியைத் திருப்பினால் ஒரே பிழை திரும்பத் திரும்ப வாறது உங்கட கண்ணுக்கே தெரியும். அதுக்குப் பிறகு புதுப் பேப்பர் எடுங்கோ, கிழமைக்கு ஒண்டு காணும்.

ஏ.எல்லுக்கு அளவையியல் செய்தனான். உதவுமா? (மானிப்பாய்)

நல்லா உதவும். எடுகூற்று (முடிவுக்குக் காரணமாச் சொல்லுற வசனம்), முடிவு, போலிகள் (பிழையான வாதங்கள்) எல்லாம் உங்களுக்குப் புதுசில்லை. ஆனா அங்க போலிக்குப் பேர் எழுதினால் மார்க்ஸ், இஞ்ச பேர் தேவையில்லை, ஓட்டை எங்க எண்டு காட்டவேணும். குறியீட்டில எல்லாத்தையும் எழுத வெளிக்கிட்டால் நேரம் துலையும்.

கேள்வியை முதல் வாசிக்கிறதா, பந்தியை முதல் வாசிக்கிறதா? (மார்க்கம்)

நான் கேள்வியை முதல் வாசிக்கச் சொல்லுறனான். வேற விதமாச் சொல்லுற ஆக்களும் இருக்கினம், பத்து நாள் ரெண்டையும் செய்து பாத்து ஒண்டில நில்லுங்கோ. எதை முதல் வாசிச்சாலும் முடிவைக் கண்டுபிடிக்காமல் விடையளுக்குப் போகாதேங்கோ.

அசம்சன் (வாதத்தில சொல்லாமல் எடுத்துக்கொண்ட விசயம்) கேள்வியில ரெண்டு விடை சரி மாதிரியே இருக்கு. (கரவெட்டி)

மறுத்துப் பாருங்கோ தங்கச்சி. "பருத்தித்துறையில மீன் விலை ஏறினது, ஆனபடியா மீன்பிடிக்கிற ஆக்களின்ர வருமானம் கூடியிருக்கும்." இதுக்குத் தேவையான விடை, பிடிபடுற மீனின்ர தொகை, விலை ஏறின அளவுக்குக் குறையேல்ல எண்டது. மறுத்தால், மீன் அந்தளவுக்குக் குறைஞ்சு போச்சுது, வாதம் அதோட விழுந்திடும். "மீனுக்கு வெளியூரிலயும் கிராக்கி" எண்டதை மறுத்துப் பாருங்கோ, வாதம் நிண்ட இடத்தில நிக்கும். மறுக்க விழுந்தால் அதுதான் விடை. ஆனா இது 'தேவையான' அசம்சனுக்கு மட்டும், 'போதுமான' அசம்சன் கேக்கேக்க இதைப் பாவிச்சால் பிழைக்கும். கேள்வியை வடிவா வாசியுங்கோ.

பிள்ளைக்கு இங்கிலிஷ் காணாது, முதல் ஒரு வருசம் இங்கிலிஷ் கிளாசுக்கு விடவா? (ஒரு அம்மா, சுன்னாகம்)

தள்ளிப்போட வேண்டாம் அம்மா, ரெண்டையும் ஒண்டாச் செய்யலாம். லோஜிக்கல் ரீசனிங் பந்தி ஏழெட்டு வரிதான். கஷ்டமான சொல்லுகளால இல்லை, 'ஆனாலும்', 'ஏனெண்டால்', 'ஆனபடியா' மாதிரிச் சின்னச் சொல்லுகளாலதான் பிள்ளையள் விழுகினம். இங்கிலிஷ் பேப்பர் ஆசிரியர் தலையங்கம் ஒண்டு ஒரு நாளைக்கு, கால் மணித்தியாலம், எழுதின ஆள் என்ன சொல்ல வாறார், ஏன் சொல்லுறார் எண்டு பிள்ளை உங்களுக்குத் தமிழில சொல்லட்டும். நீங்கள் "அதுக்கு என்ன ஆதாரம்" எண்டு திருப்பிக் கேளுங்கோ. சொல்லு பாடமாக்கிற புத்தகம் வாங்கிக் குடுக்காதேங்கோ.

லோ கொலிஜ் என்ட்ரன்சுக்கும் இதையே படிக்கலாமா? (கிளிநொச்சி)

இல்லை. அங்க மொழிப் பேப்பரும், பொது அறிவும் நுண்ணறிவும் சேர்ந்த பேப்பரும். அதுக்குப் பாஸ் பேப்பரும் பத்திரிகை வாசிப்பும்தான். வர்த்தமானி அறிவித்தலை நீங்களே எடுத்து வாசியுங்கோ, ஆக்கள் சொல்லுறதை நம்பி விண்ணப்பிக்காதேங்கோ.

எல்நாட்? (லண்டன், இவ்வளவுதான் எழுதியிருக்கு)

12 பந்தி, 42 கேள்வி, 95 நிமிசம், பிறகு 40 நிமிசத்தில ஒரு கட்டுரை. வாதத்தைப் பிரிக்கிற வேலை ஒண்டுதான், பந்தி நீளம். மிச்சம் என்ன தெரியவேணும் எண்டு முழுசா எழுதிக் கேளுங்கோ.

எல்சாட்டில பாஸ் மார்க் எவ்வளவு? சும்மா ஒருக்கா எழுதிப் பாக்கலாமா? (இணுவில்)

பாஸ் ஃபெயில் இல்லை, 120 இல இருந்து 180 வரைக்கும் ஸ்கோர். நீங்கள் போற யூனிவர்சிட்டி என்ன எடுக்குது எண்டு அவையின்ர பக்கத்தில பாருங்கோ. சும்மா எழுத வேண்டாம், அஞ்சு வருசத்துக்குள்ள அஞ்சு தரம், வாழ்நாளில ஏழு தரம்தான் விடுவினம், காசும் கனக்க. எல்சாட் நடத்துற ஆக்களின்ர லோஹப் எண்ட இணையத்தளத்தில காசில்லாத பேப்பர் இருக்கு, அதில ஒண்டை வீட்ட கதவைப் பூட்டிப்போட்டு நேரம் வைச்சுச் செய்யுங்கோ. ஸ்கோரையும் பிழைக் கொப்பியில முதல் பத்துப் பிழையையும் படம் எடுத்து அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.