பேச்சு இல்லாத உறவினர் ஸ்டெம்செல் கொடுத்தால் நன்றி சொல்வது எப்படி?

கேள்வி: "என் நாத்தனார் ஸ்டெம்செல் கொடுத்து என் கணவரைப் பிழைக்க வைத்தார். எங்கள் இரு வீட்டுக்கும் இடையே அவ்வளவாகப் பேச்சு இல்லை. நன்றிக்கு நகை ஏதாவது செய்து போடலாமா?"

போடாதீர்கள். போட முயன்று மூக்குடைந்தவள் சொல்கிறேன்.

பேச்சு ஏன் நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. சொத்தாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அதுதான். நான் கும்பகோணத்தில் பிறந்து, 2003இல் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். ("அங்கே ஏது தமிழர்கள்?" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனுக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த முதல் கப்பல் அது. இருபது வருடமாக இதை விளக்கிக்கொண்டிருக்கிறேன், அலுத்துவிட்டது.)

நாங்கள் குடியிருப்பது மாமனார் கட்டிய வீடு. 2016இல் உயில் எழுதாமல் கண்ணை மூடிவிட்டார். நாத்தனார்கள் இருவரும் பங்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். மூத்தார் விலகவில்லை. சட்டப்படி அவருக்கு உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டியது யார் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. சரி, அதை விடுகிறேன். வழக்கு நடக்கிறது. 2017க்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு கல்யாணப் பந்தியில்கூட எதிரெதிரே உட்கார்ந்ததில்லை.

2021இல் என் கணவருக்கு இரத்தப் புற்றுநோய். கீமோவில் அடங்கியது, ஆனால் திரும்பி வராமலிருக்க ஸ்டெம்செல் (எலும்பு மஜ்ஜையில் இருந்து இரத்தத்தை ஊறவைக்கும் மூல அணுக்கள்) மாற்றம் வேண்டும் என்றார்கள். உடன்பிறந்த ஒருவர் திசு வகையில் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. நாத்தனார்கள் இருவருக்கும் பொருந்தவில்லை. இந்த நாட்டில் கொடையாளர் பதிவேடு 1991 முதல் இருக்கிறது. ஆனால் நம் வம்சாவளியில் பெயர் கொடுத்தவர்கள் குறைவு, நமக்குப் பொருந்துகிறவர்களோ பெரும்பாலும் நம் வம்சாவளியில்தான் கிடைப்பார்கள். பாதிப் பொருத்தம் இருந்தாலே இப்போது செய்கிறார்களே என்று சொல்ல வருவீர்கள். செய்கிறார்கள். எங்கள் மருத்துவர் முழுப் பொருத்தத்தைத்தான் முதலில் தேடினார்.

மூத்தாரிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. பெரிய நாத்தனார் சொல்லி, அவராகவே போய் இரத்தம் கொடுத்திருக்கிறார். முழுப் பொருத்தம் என்ற செய்தி மருத்துவமனையிலிருந்து வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

அடுத்து மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள். உடன்பிறந்தவர் என்றால்தான் கொடையாளரின் செலவை ஏற்பார்களாம். அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் 'பிள்ளை' என்பதை ஆங்கில 'ஒய்' போட்டு முடித்திருக்கிறார்கள், தம்பிக்கு 'ஐ'. என்றோ ஒரு குமாஸ்தா போட்ட எழுத்து. திசுப் பொருத்தம் நூற்றுக்கு நூறு என்ற அறிக்கையை நீட்டினேன். "குடும்பப் பெயர் பொருந்தவில்லையே, அம்மா" என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். இரண்டு வாரம் அலைந்தேன். ஸ்டெம்செல்லைப் பற்றிக் கேட்டால் இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நவம்பரில் கேப்டவுனில் நடந்தது. மூத்தாருக்கு ஐந்து நாள் ஊசி, மஜ்ஜையிலிருந்து ஸ்டெம்செல்கள் இரத்தத்துக்கு இறங்கி வருவதற்காக. இடுப்பெலும்பும் முதுகும் விண்விண்ணென்று வலித்தன என்று தாதி சொன்னாள். அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஐந்து மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்தார். மறுநாள் அது என் கணவரின் கட்டிலருகே ஒரு சிறு பையில் தொங்கியது, தக்காளி ரசத்தின் நிறத்தில். முக்கால் மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை பாடு என்று தோன்றியது. பாடு அப்புறம்தான் இருந்தது. வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியாது. பதினாறாம் நாள் வெள்ளையணு ஏறத் தொடங்கியது. கிருமிக்குப் பயந்து கோவில் விபூதியைக்கூட உள்ளே விடவில்லை. வாசலிலேயே என் நெற்றியில் பூசிக்கொண்டு நின்றேன். (சாமியை மறந்துவிட்டாள் என்று யாரும் எழுத வேண்டாம்.)

நூறு நாள் கழித்து ஊர் திரும்பினோம். ஒரு வேட்டி, வெற்றிலை பாக்கு, பழம், இரண்டு சவரனில் சங்கிலி, எல்லாவற்றையும் தட்டில் வைத்து நான் மட்டும் மூத்தார் வீட்டுக்குப் போனேன். "உட்கார்" என்றார். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, நிதானமாக உரித்துத் தின்றார். தோலைத் தட்டின் ஓரத்தில் வைத்து, தட்டை என் பக்கம் தள்ளினார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். சொன்னதன் சாரம்: "இதை வாங்கினால் வீட்டு விஷயத்தில் நான் இறங்கிவிட்டேன் என்று ஆகும். அது வேறு, இது வேறு."

வெட்கமாக இருந்தது. வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கணக்குச் சரிதான். இரண்டு சவரனோடு கணக்கை முடித்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. உங்களுக்கு அப்படி இல்லாமலிருக்கலாம்.

அடுத்த ஏப்ரலில் எங்கள் நேட்டால் மாகாணத்தில் அந்தப் பெருவெள்ளம். 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்க மாத்திரை தின்கிற மனிதரை வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் வாசலில் 25 லிட்டர் கேன்கள் ஆறு இருந்தன. மூத்தாரின் வண்டி தெருமுனையில் திரும்புவது மட்டும் தெரிந்தது. வாரம் இரண்டு முறை அப்படி வந்தன. காலிக் கேன்களைக் கழுவி இரவே வாசலில் வைத்துவிடுவேன். ஒரு தடவை மாங்காய் அச்சார் பாட்டில் ஒன்றைக் கூடவே வைத்தேன். அதை எடுத்துக்கொண்டார். கழுவிய பாட்டில் அடுத்த நடையில் கேன்களோடு திரும்பி வந்தது.

என் கணவர் இப்போது நன்றாக இருக்கிறார். குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசிகளை எல்லாம் முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். இரத்தம் இப்போது அண்ணனின் ஸ்டெம்செல்லிலிருந்து ஊறுவதால், ஏ பாசிட்டிவாக இருந்தவர், அண்ணனைப் போலவே ஓ பாசிட்டிவ் ஆகிவிட்டார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. போன விசாரணைக்கு முன் எங்கள் வக்கீல், கணவரின் நோயையும் செலவையும் மனுவில் விவரமாக எழுதினால் நமக்குச் சாதகமாகும் என்றார். ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். அது வேறு, இது வேறு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மூத்தாருக்கு இது தெரியாது. நாத்தனார் வழியாகவும் சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் மறுபடியும் தட்டைத் தூக்கிக்கொண்டு போன மாதிரிதான் ஆகும்.