சூட்டில் எடுக்காத செல்ஃப்

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் மாருதி எஸ்டீம் கார் ஓட்டுகிறேன். முன்பக்க எடையைக் குறைக்க பேட்டரியை டிக்கிக்கு மாற்றினோம். காலையில் செல்ஃப் உடனே எடுக்கிறது. பயிற்சிச் சுற்றுகள் முடித்து பிட்டில் (தடத்தோரம் காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்தில்) என்ஜினை அணைத்தால், மறுபடி ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே வருகிறது. பேட்டரி புதியது. இதைவிடப் பெரியதாகப் போடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரிய பேட்டரி வாங்குவதைத் தள்ளிவையுங்கள். குளிர்ந்திருக்கும்போது எடுத்து, சூட்டில் மறுக்கும் காரில் குறை பெரும்பாலும் மின்சாரம் செல்லும் பாதையிலோ செல்ஃப் மோட்டாரிலோதான் இருக்கும். மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், பாதையில் 10 மில்லி ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். டிக்கியிலிருந்து வரும் நீண்ட கேபிள், கட்-ஆஃப் சுவிட்ச் (பேட்டரி மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்), ஒவ்வொரு இணைப்பு என எல்லாமே இந்தத் தடையைக் கூட்டுகின்றன. போதாக்குறைக்கு, மோட்டாரின் செம்புச் சுருள் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் தடை ஏறத்தாழ கால் பங்கு உயர்கிறது.

என்ஜின் சூடாக இருக்கும்போதே சோதியுங்கள். என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி இக்னிஷனைத் (ஸ்பார்க் வரும் இணைப்பைத்) துண்டித்து, கியரை நியூட்ரலில் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலும் (அதைப் பிடித்திருக்கும் கேபிள் கிளாம்பில் அல்ல), மறுமுனையை செல்ஃபில் தடித்த கேபிள் சேரும் போல்ட்டிலும் வைத்து, உதவியாளரைச் சில வினாடிகள் சாவியைத் திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையைப் பகுதி பகுதியாக அளந்து வாருங்கள். கட்-ஆஃப் சுவிட்சின் தேய்ந்த தொடர்புமுனைகளே பல கார்களில் குற்றவாளி.

அடுத்து, அதேபோல் சாவியைத் திருகும்போதே நெகட்டிவ் கம்பத்துக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அளக்கவும். இங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் காரில் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். என்ஜின் மின்சாரம் கடத்தாத ரப்பர் மவுண்டுகள் மேல் அமர்ந்திருப்பதால், பேட்டரியை டிக்கியில் வைத்து எர்த்தை (நெகட்டிவ் கேபிளை) அங்கேயே பாடியில் முறுக்கிவிட்டால் போதாது. முன்புறத்தில் பாடியையும், என்ஜினோடு பூட்டிய கியர்பாக்ஸையும் இணைக்கும் தடித்த எர்த் கேபிள் தனியாக வேண்டும். பேட்டரியை இடம் மாற்றுபவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். இரு முனைகளிலும் பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் முறுக்குங்கள்.

இரண்டு அளவுகளும் சரியாக இருந்து, பேட்டரி கம்பங்களிலும் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் ‘டிக்’ மட்டும் கேட்டால், சோலினாய்டின் (செல்ஃபுக்குள் மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சின்) தொடர்புத் தகடோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும். செல்ஃபைக் கழற்றிப் பழுதுபாருங்கள். திரும்பப் பூட்டும்போது எக்ஸாஸ்ட்டுக்கும் அதற்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். பந்தயங்களுக்கு இடைப்பட்ட வாரங்களில், ஓய்வு மின்னழுத்தம் (எதுவும் ஓடாதபோது காட்டும் அளவு) 12.4 வோல்ட்டுக்கு இறங்கும்முன் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.