ஸ்காட்லாந்தில் பழங்காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்கள் சின்னங்கள் செதுக்கிய கற்களைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

ஒரே இடம்தான் முடியும் என்றால் அபெர்லெம்னோ. ஆங்கஸ் பகுதியில், ஃபோர்ஃபரிலிருந்து பிரீக்கின் போகும் சாலையோரத்திலேயே கற்கள் நிற்கின்றன, கட்டணம் கிடையாது. குளிர்காலத்தில் உறைபனி அரிக்காமல் இருக்க மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்கள். அதனால் மே முதல் ஆகஸ்ட்டுக்குள் போங்கள்.

முதலில் பாம்புக் கல். மேலே நெளியும் பாம்பு, நடுவில் இரட்டை வட்டும் இசட் வடிவக் கோலும், கீழே கண்ணாடியும் சீப்பும். இவற்றின் பொருள் இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், கோடுகள் துலங்கி எழும்.

அப்புறம் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம். அங்கே நிற்கும் கல்லின் முன்பக்கம் சிலுவை, பின்பக்கம் போர்க்களம். கி.பி. 685-இல் பிக்டுகள், தெற்கே இருந்த ஆங்கிலோ-சாக்சன் அரசான நார்தம்பிரியாவின் படையை வென்ற போர் அது என்று பலர் கருதுகிறார்கள். கீழ் மூலையில் வீழ்ந்த வீரனைப் பறவை கொத்துகிறது. அந்த மூலையை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.