கள்ளிக்கு வேண்டியது குளிர்ந்த இரவு: வாசகர் கேள்வி பதில்

சித்திரை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கருகிய செடிகளைப் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை கள்ளி, கற்றாழை, அடினியம் வளர்ப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்வி சிங்கப்பூர்த் தோட்டத்தைப் பற்றியது அன்று. ஆனால் அதற்கான பதில் இங்குள்ளவர்களுக்கும் உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் வசிக்கிறாள். வீட்டைச் சுற்றிச் சரளைக்கல் பரப்பி, கள்ளி வகைகள், ஆனைக் கற்றாழை, ஓர் எலுமிச்சை, ஒரு மெஸ்கீட் மரம் என்று பாலைவனத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள மே மாதத் தொடக்கத்தில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். கோடை முற்றுவதற்குள் தோட்டத்தில் என்ன செய்துவைக்க வேண்டும்? பாலைவனச் செடிக்கு வெயிலுக்கு முன் ஏற்பாடு என்று ஒன்று தேவைதானா?
– ஈசூன் வாசகி

பதில்: தேவைதான். வெயிலில் பிறந்த செடிக்கு வெயில் என்ன செய்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பீனிக்ஸில் மே மாதத் தொடக்கத்திலேயே பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். ஜூன், ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டுவது அன்றாட வழக்கம். 2023ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலிருந்து ஜூலை இறுதிவரை தொடர்ந்து 31 நாள்கள் 43 டிகிரிக்கு மேல் கொளுத்தியது. அந்தக் கோடையில், அந்தப் பாலைவனத்திலேயே தோன்றி நூற்றாண்டுக் கணக்கில் வாழக்கூடிய சகுவாரோ கள்ளிகள்கூடக் கிளைகள் ஒடிந்தும் அடியோடு சாய்ந்தும் விழுந்தன.

அவற்றை வீழ்த்தியதில் பகல் வெயிலைவிட இரவின் வெக்கைக்குப் பங்கு அதிகம். கள்ளி மற்ற செடிகளைப்போல் பகலில் மூச்சு வாங்குவதில்லை. நீர் ஆவியாகிவிடும் என்பதால் தோலிலுள்ள நுண்துளைகளைப் பகல் முழுவதும் மூடிவைத்திருந்து, இரவு குளிர்ந்த பிறகே திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்துச் சேமித்துக்கொள்கிறது. 2023 ஜூலையில் பீனிக்ஸில் பல இரவுகள் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அப்படிப்பட்ட இரவுகளில் கள்ளியால் துளைகளைச் சரிவரத் திறக்க முடியாது. சேமிப்பைத் தின்றே நாள்களை ஓட்டுகிறது. பாலைத் திணைக்கு நம் இலக்கணம் நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்தது, அவ்வழியே நடந்துபோகும் மனிதரின் பாட்டை எண்ணித்தான். கள்ளியைக் கேட்டிருந்தால் நள்ளிரவு என்று சொல்லியிருக்கும்.

ஆகவே நீங்கள் செய்யப்போகும் வேலை, கடும் வெக்கை வருவதற்குள் செடியின் சேமிப்பை நிரப்பிவிடுவது. சொட்டுநீர்க் குழாய்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சொட்டுவாயிலும் நீர் வருகிறதா, சுண்ணாம்புப் படிவம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மரங்களுக்குச் சொட்டுவாய் அடிமரத்தை ஒட்டி இருந்தால் பயனில்லை. மரம் நட்ட ஆண்டில் வைத்த இடத்திலேயே பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நீரை உறிஞ்சும் வேர்கள் கிளைகளின் விளிம்பு நிழல் விழும் இடத்திலும் அதற்கு அப்பாலும்தான் பரவியிருக்கும். குழாயை அங்கே நகர்த்த வேண்டும்.

அடிக்கடி கொஞ்சமாக ஊற்றுவதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதே அந்த மண்ணுக்குப் பொருந்தும். கள்ளிக்கும் தரையோடு படரும் செடிகளுக்கும் 30 செண்டிமீட்டர், புதர்களுக்கு 60, மரங்களுக்கு 90 என்பது அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆழத்தை அறிவதற்கும் எளிய வழி உண்டு: நீர் பாய்ச்சி முடிந்ததும் நீளமான இரும்புக் கம்பி ஒன்றை மண்ணுக்குள் அழுத்துங்கள். ஈரம் உள்ளவரை வழுக்கிக்கொண்டு இறங்கும். காய்ந்த மண்ணைத் தொட்டதும் சட்டென்று நிற்கும். நின்ற இடத்தைக் கம்பியில் விரலால் பிடித்து வெளியே எடுத்து அளந்தால், அதுதான் ஈரம் சென்ற ஆழம். ஆழமாகப் பாய்ச்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவ்வூர்க் குழாய்நீரில் உப்பு மிகுதி. மேலாக நனைத்தால் அந்த உப்பு வேர்களைச் சுற்றியே தங்கி இலை நுனிகளைக் கருக்கிவிடும். வேரூன்றிய பெரிய கள்ளிகளுக்கு, மழை இல்லாத மாதங்களில் மாதம் ஒருமுறை, தண்டிலிருந்து தள்ளி இப்படிக் கொடுத்தால் போதும்.

நீர் பாய்ச்சுவது விடியலுக்கு முன்பாக இருக்கட்டும். பகலில் எப்போதாவது ரப்பர்க் குழாயைத் திறக்க நேர்ந்தால், முதலில் வரும் தண்ணீரை வெற்றுத் தரையில் ஓடவிடுங்கள்; வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிய நீர் கையைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும்.

அடுத்தது நிழல். ஓராண்டுக்குள் நட்ட கள்ளிகளுக்கும், மேற்கு பார்த்த சுவரை ஒட்டியுள்ளவற்றுக்கும் வெயிலில் 30 முதல் 50 விழுக்காட்டை மறைக்கும் நிழல்வலை போதும். செடியின்மேல் போர்த்திவிடாமல், நான்கு குச்சிகளை நட்டுக் காற்று புகும்படி உயர்த்திக் கட்டுங்கள். எலுமிச்சையின் அடிமரம் வெயிலில் வெடிக்கும். ஆகவே தாழ்ந்த கிளைகளை இப்போது கழிக்காதீர்கள். ஏற்கெனவே வெளித்தெரியும் பட்டைக்கு, நீர் கலந்து நெகிழ்த்திய வெள்ளை நீர்ச்சாயத்தைப் பூசலாம். நம் ஊரில் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது புதிதாக இராது. மெஸ்கீட் வேறு யாருமல்ல, நம் சீமைக் கருவேலத்தின் உறவுக்காரர்தான். அதற்கு வெயிலால் பயமில்லை. ஆனால் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். மழைக்கு முன் புழுதிக்காற்று சுழன்றடிக்கும். முறிந்த கிளைகளை நீக்கி, முட்டுக்கம்புக் கட்டுகள் பட்டையை இறுக்காமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

உரம் இப்போது வேண்டாம். கொழுந்து விடச் சொல்லிவிட்டு அதை வெயிலில் நிறுத்துவது கொடுமை. ஆனைக் கற்றாழையின் நடுக்குருத்தை மட்டும் நெருங்கிப் பாருங்கள். வெளி இலைகள் சாய்ந்து நடுக்குருத்து மட்டும் நிமிர்ந்து நின்று, அடிப்பகுதி கொழகொழவென்றிருந்தால் உள்ளே கூன்வண்டின் புழு இருக்கிறது என்று பொருள். காப்பாற்ற முயலாமல், புழுக்களோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு சொல். ஜூன் மாதத்தில் அங்கே காலை 5.20 அளவில் சூரியன் உதித்துவிடும். தோட்ட வேலையை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குள் சென்றுவிடுங்கள். தொட்டிகளையும் கற்களையும் வெறுங்கையால் புரட்டவேண்டாம். அடியில் தேள் இருக்கும்.

கேள்வி: தெம்பனிஸில் ஏழாவது மாடியில், வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் பன்னிரண்டு கள்ளித் தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் நன்றாக இருப்பவை, ஏப்ரல் வந்தால் ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, பிறகு பழுப்பாகிவிடுகின்றன. நான்கு பருவம் இல்லாத ஊரில் இது என்ன கோடை?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: பருவம் இல்லை என்றாலும் சூரியன் இடம் மாறுகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று வடக்கே இருப்பதால், மார்ச் கடைசி வாரத்தில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, பிறகு செப்டம்பர் வரை வடக்குப் பக்கமாகவே செல்கிறது. அக்டோபரிலிருந்து மார்ச்வரை நிழலில் பழகிய உங்கள் தாழ்வாரத்துக்குள், ஏப்ரலில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் நேராக நுழைகிறது. போதாக்குறைக்கு, ஏப்ரலும் மேயும் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட, காற்று குறைந்த, நம் ஊரின் மிகப் புழுக்கமான மாதங்கள். இங்கே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 37 டிகிரி, 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் பதிவானது. தெற்குப் பார்த்த வீடுகளில் இதே தொல்லை அக்டோபருக்குப் பிறகு வரும்.

எனவே மார்ச் நடுப்பகுதியிலேயே தொட்டிகளை வெயிலுக்குப் பழக்கத் தொடங்க வேண்டும்: முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று. இந்த ஆண்டு அது தவறிவிட்டதால், பழைய கொசுவலைத் துணி ஒன்றை இரட்டையாக மடித்து மூன்று வாரங்கள் கட்டிவையுங்கள். எல்லாப் பக்கமும் சமமாக வளரட்டும் என்று தொட்டிகளைத் திருப்பிவைக்கும் வழக்கத்தை இம்மாதங்களில் நிறுத்திவிடுங்கள். இதைப் பட்டறிவால் சொல்கிறேன்: ஆறு ஆண்டுகள் வளர்ந்த ஓர் உருண்டைக் கள்ளியை நான் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை அழகுக்காகத் திருப்பிவைத்தேன், புதன்கிழமைக்குள் அதன் நிழல் பக்கம் வெந்த உருளைக்கிழங்குத் தோல்போல் ஆகிவிட்டது. அந்தத் தழும்பு மாறாது. தொட்டுப் பாருங்கள், தக்கைபோல் கடினமாக இருந்தால் வெயில் சுட்டது, செடி பிழைக்கும். மெத்தென்று அமுங்கினால் அழுகல்.

அழுகல்தான் இங்கே உண்மையான எதிரி. பீனிக்ஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டர்கூட இராது. நமக்கு 2,100க்கு மேல். இரவில் நம் வீடுகளில் வெப்பம் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றிலோ எப்போதும் ஈரம். மெரினா விரிகுடாவில் உள்ள கரையோரப் பூந்தோட்டங்களில் 2012 முதல் வறண்ட நிலச் செடிகளைக் கண்ணாடிக் கூடத்துக்குள், 23 முதல் 25 டிகிரியில், காற்றின் ஈரத்தையும் குறைத்துத்தான் வளர்க்கிறார்கள். அத்தனை வசதி நமக்கில்லை என்பதால் மண்ணை மாற்றுவதே வழி. கடையிலிருந்து வரும் கறுப்பு மட்கு மண்ணை உதிர்த்துவிட்டு, பாதிக்கு மேல் புமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல், பெர்லைட் என்னும் பொரிந்த வெள்ளைக் கல்துகள், சுட்ட மண் போன்றவை சேர்ந்த பொருபொருப்பான கலவையில் நடுங்கள். நீர் ஊற்றலாமா என்று ஐயம் வந்தால், ஒரு சத்தே குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தாலோ நுனி கறுத்திருந்தாலோ இன்னும் மூன்று நாள் பொறுக்கலாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசுவுக்கும் வசதி. தடுப்புச் சுவரின் மேல் தொட்டி வைப்பதும் கூடாது; தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கவேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

கேள்வி: சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய அடினியம் நன்றாகப் பூத்தது. இப்போது அடித்தண்டு அமுங்குகிறது, இலைகள் மஞ்சளாகின்றன. தண்ணீர் போதவில்லையா?
– தேக்கா வாசகி

பதில்: மண்ணைத் தொட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். மண் காய்ந்திருந்து தண்டு லேசாகச் சுருங்கியிருந்தால் தாகம். ஒருமுறை நன்றாக நனைத்தால் ஒரு வாரத்தில் இறுகிவிடும். மண் ஈரமாக இருந்தும் தண்டு அமுங்கினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அப்படியானால் இன்றே தொட்டியைக் கவிழ்த்து, அழுகிய பகுதியை வெள்ளைத் திசு தெரியும்வரை கூரிய கத்தியால் வெட்டியெடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சாராயத்தால் துடையுங்கள். மழைபடாத நிழலில் ஒரு வாரமாவது உலரவிட்ட பிறகே மீண்டும் நடவேண்டும். அதன் பால் நஞ்சு. கையுறை அணியுங்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

கேள்வி: உச்சியில் சிவப்பு உருண்டை உள்ள சிறு கள்ளிகள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் இறந்துவிடுகின்றன. என் பராமரிப்பில் குறையா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: குறை உங்களிடம் இல்லை. அது ஒட்டுச்செடி. மேலே உள்ள சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது. தானாக உணவு தயாரிக்க அதனால் முடியாது. கீழே உள்ள பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடி. அதன் உழைப்பில்தான் மேலே உள்ளது வாழ்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதால், ஒட்டு சில ஆண்டுகளில் பிரிந்துவிடும். உருண்டை உதிர்ந்த பிறகு பச்சைத் தண்டை எறிந்துவிடாதீர்கள். இடமும் கொழுகொம்பும் கொடுத்தால் அது தன் போக்கில் ஏறத் தொடங்கும்.

கேள்வி: (ஈசூன் வாசகியே மீண்டும்) திரும்பி வரும்போது மகளின் தோட்டத்திலிருந்து ஒரு சிறு கள்ளிக்கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து வெளியேற்ற அனுமதி, தாவர நலச் சான்றிதழ், இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதி ஆகிய எல்லாம் தேவைப்படும். கன்றைப் படம் எடுத்துவாருங்கள். அந்த வகை இங்கே கிடைக்குமா என்று நாற்றுப்பண்ணையில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.