ஆன்லைனில் படித்தால் பாடம் மண்டையில் ஏறுமா?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் ஒரு டிகிரி படிக்கலாம் என்றிருக்கிறேன். வகுப்பில் உட்காராமல் படித்தால் பாடம் மனதில் நிற்குமா? இதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா?

பதில்:

நான் 'கரஸ்'ல படித்தவன். நீடாமங்கலத்தில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்தேன். 1979-இல் அங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவராவது சிதம்பரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, புத்தகக் கட்டு வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் உண்டு. இப்போது என் அக்கா மகள் வலங்கைமானில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே புள்ளியியல் படிக்கிறாள். இரண்டையும் கிட்டத்தில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏறும். ஆனால் வீடியோ ஓடும்போது ஏறுவது கொஞ்சம்தான். அதை நிறுத்திய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மீதி எல்லாம்.

போன ஆடிப்பெருக்குக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மத்தியானம் முழுக்கத் திண்ணையில் போனும் கையுமாக இருந்தாள். வீடியோவை ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தாள். வாத்தியார் ஏலம் விடுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, ஒரு எழவும் புரியலையே?"

"ஸ்டாண்டர்ட் டீவியேஷன் மாமா. ரெண்டு தடவ பாத்துட்டேன். சார் சூப்பரா நடத்துறாரு. எல்லாம் புரிஞ்சிடுச்சு."

"அப்ப போனைக் கவுத்து வச்சிட்டு எனக்குச் சொல்லிக் குடு."

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் கணக்கு அது. தொடங்கினாள். சராசரி எடுக்கணும், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதைக் கழிக்கணும், அப்புறம் வர்க்கப்படுத்தணும். "எதுக்கு வர்க்கம்?" என்றேன். வாயைத் திறந்தாள், மூடினாள். "சார் சொன்னாரு மாமா... பாக்கும்போது தெரிஞ்சுது" என்றாள். முகம் சுண்டிவிட்டது.

'பாக்கும்போது தெரிஞ்சுது.' ஆராய்ச்சிக்காரர்கள் பல வருஷமாகக் குடைந்துகொண்டிருப்பது இதைத்தான். 2013-இல் ஷானா கார்பென்டர் என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு நிமிட அளவு வீடியோ இரண்டு எடுத்தார்கள். மூன்று நிறப் பூனைகள் ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன என்று இரண்டிலும் ஒரே ஆள், ஒரே விஷயத்தைச் சொல்கிறார். ஒன்றில் தடங்கலில்லாமல், நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறார். மற்றதில் குனிந்து தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறார். நன்றாகப் பேசியவரைப் பார்த்தவர்கள், தாங்கள் நிறைய கற்றுக்கொண்டதாக நம்பினார்கள். பரீட்சை வைத்தால் இரண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். வாத்தியாருக்குப் புரிந்திருப்பதை நமக்குப் புரிந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இதைவிட என்னை உலுக்கியது ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை. ஒரு சிறு கட்டுரையை ஒரு கூட்டம் நான்கு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்ததை மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நான்கு முறை படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இதில் கூத்து என்னவென்றால், தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு முறை படித்த கூட்டம்தான்.

இது தெரிந்திருந்தால் எனக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்திருக்காது. கரஸ் புத்தகங்களில் ஒவ்வொரு பாடத்துக்கு நடுவிலும் சில கேள்விகள் கேட்டு, பதில் எழுத நாலு கோடு விட்டிருப்பார்கள். அதை யாராவது நிரப்பி நான் பார்த்ததில்லை; நானும் நிரப்பவில்லை. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக்கொண்டே மூன்று தடவை படித்தேன். புத்தகம் முழுக்க ஆரத்தித் தண்ணி ஊற்றிய மாதிரி சிவப்பாய் ஆனது, மண்டை வெளுப்பாகவே இருந்தது. அடுத்த முறை கடை மூடியபின் பழைய பில்லின் பின்பக்கத்தில், புத்தகத்தைப் பார்க்காமல், அன்று படித்ததை எழுத ஆரம்பித்தேன். எழுத வராத இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறப்பேன். பாஸாகிவிட்டேன்.

வீடியோ வேகத்தைப் பற்றி அன்று நான் அக்கா மகளைக் கடிந்துகொண்டது தப்பு என்று பிறகு தெரிந்தது. கலிபோர்னியாவில் 2021-இல் செய்த ஆய்வில், இரண்டு மடங்கு வேகம் வரை ஓடவிட்டாலும் நினைவில் நிற்பதற்குப் பெரிய சேதமில்லை. இரண்டரை மடங்குக்குப் போனால்தான் அடி வாங்குகிறது. போனில் அவளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

நீளம் வேறு கதை. பிலிப் குவோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-இல் எழுதினார்கள். நீளமான வீடியோக்களில் பாதிப் பேர் ஆறு நிமிஷத்துக்குள் நழுவிவிடுகிறார்கள். இதை வைத்து 'பாடம் ஆறு நிமிஷத்துக்குள் இருக்கணும்' என்று சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. பார்த்த நேரம் வேறு, கற்றது வேறு. அந்த ஆய்வு அளந்தது முன்னதைத்தான். எனக்கு உபயோகப்பட்டது ஹார்வர்டில் ஸ்புனர் குழு 2013-இல் செய்தது: 21 நிமிடப் புள்ளியியல் பாடத்தை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் சின்னதாக ஒரு பரீட்சை. அப்படிச் செய்தவர்களின் மனம் அங்கே இங்கே அலைவது குறைந்தது, குறிப்பு அதிகம் எடுத்தார்கள், கடைசிப் பரீட்சையிலும் முன்னால் நின்றார்கள். ஆக, வாத்தியார் வீடியோவைத் துண்டு போடாவிட்டால் நீங்களே போடுங்கள்.

இடைவெளி விட்டுப் படிப்பதைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார். டெல்டாக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம்: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சுவது. எப்போதும் தண்ணீர் கட்டி நின்றால் வேர் இறங்காது. கொஞ்சம் மறக்க விட்டு, மறுபடி நினைத்துப் பாருங்கள்.

'வகுப்பில் உட்காராமல்' என்று கேட்டீர்கள். தொலைநிலைக் கல்வியில் தூரம் என்பது கிலோமீட்டரே இல்லை, வாத்தியாருக்கும் மாணவருக்கும் நடுவில் எவ்வளவு பேச்சு நடக்கிறது என்பதுதான் என்று மைக்கேல் மூர் என்ற கல்வியாளர் 1970-களிலிருந்தே சொல்லிவந்தார். மன்னார்குடியில் ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் நான் எழுந்து வந்த நாட்கள் உண்டு. வாத்தியார் இருபதடி தள்ளித்தான் இருந்தார். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் கொரடாச்சேரித் தம்பி ஒருவன் "மார்ஜினல் காஸ்ட்டுன்னா என்னண்ணே?" என்று கேட்டு, நீடாமங்கலம் வருவதற்குள் அவனுக்கு உளறி விளக்கினேனே, அது இன்றைக்கும் மறக்கவில்லை.

பாதியில் விடுவதுதான் பெரிய ஆபத்து. எட்எக்ஸில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய படிப்புகளில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தது 3.13 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். பணம் கட்டினால் முடிக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. முடிக்கிற ஆள்தான் கட்டியிருப்பார். ஆனாலும் வாராவாரம் கெடு வைத்து வேலை வாங்குகிற படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் படிப்புகள் மாதிரி அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 என்று இருப்பது நல்லது. டிகிரி என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா காபியோடு வந்து, "ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே, என்ன பாடம், எனக்குச் சொல்லு" என்றார். அம்மா அஞ்சாங்கிளாஸ். இவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நாள்காட்டித் தாளைத் திருப்பி, நெல் மூட்டைக்குப் போனாள்.

"அம்மாச்சி, ஒரு களத்துல மூணு மூட்ட. 39, 40, 41 கிலோ. இன்னொரு களத்துல 35, 40, 45. ரெண்டுத்துக்கும் சராசரி 40."

"ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லியே."

"அதான்! எவ்வளவு வித்தியாசம்னு சொல்லணும். ஒவ்வொண்ணும் நாப்பதுலேருந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு கூட்டுனா..." கூட்டினாள். ஒரு களத்தில் ஒன்று குறைவு, ஒன்று அதிகம்: சைபர். அடுத்ததில் ஐந்து குறைவு, ஐந்து அதிகம்: அதுவும் சைபர். பேனா அப்படியே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா! அடிச்சிக்கிட்டுப் போயிடுது மாமா! அதுக்குத்தான் வர்க்கம்!" என்று கத்தினாள். வர்க்கப்படுத்தினால் ஒன்றில் 2, மற்றதில் 50. மூட்டையின் யோக்கியதை வெளியே வந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வலங்கைமானிலிருந்து வீடியோ கால் வருகிறது. அம்மா ஏழே முக்காலுக்கே சீரியலை நிறுத்திவிட்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நேற்று எட்டேகால் ஆகியும் வரவில்லை. "என்னடா, இன்னிக்குப் பாடம் இல்லியாமா? நீ ஒரு போன் போடு" என்றார்.