மாமாவின் குட்டி யானைக்குத் தம்பியின் கையெழுத்து எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. ராணுவத்தில் நான்கு வருடப் பணியான அக்னிவீராகத் தேர்வாகி, அடுத்த மாதம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சிக்குச் சேரப்போகிறான். அப்பா கொத்தனார். தம்பி அகாடமியில் தங்கி ஓடிப் பழகிய செலவுக்குத் தாய்மாமா 60,000 ரூபாய் கொடுத்தார். அதை மறக்க மாட்டோம். இப்போது அவர் ஒரு குட்டி யானை வண்டி வாங்க 3 லட்சம் வட்டிக்கு எடுக்கிறார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. தம்பி புரோ நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும், மாத வட்டியை அவன் சம்பளத்தில் கட்டலாம், நாலு வருடம் கழித்து வரும் 11 லட்சத்தில் அசலை அடைத்துவிடலாம் என்கிறார். "அங்கே அவனுக்கு என்ன செலவு?" என்று கேட்டு, ஏ.டி.எம். கார்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். ஒரு ஏஜென்ட், பட்டாளத்துப் பையன்களுக்கு ஏற்ற பாலிசி என்று மாதம் 5,000 கட்டச் சொல்கிறார். பயிற்சியில் என்ன செலவாகும், எங்கே தங்க வைப்பார்கள், பக்கத்தில் அறை எடுக்க வேண்டுமா என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
— ஓர் அக்கா, தென்காசி மாவட்டம்

பதில்: உங்களுக்குத் தூக்கம் வராததற்கு நியாயமான காரணம் இருக்கிறது, சகோதரி. சேமிக்க வேண்டும், சிக்கனமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொத்தனார் வீட்டில் வளர்ந்து, வீட்டுக் கணக்கைச் சுமக்கும் பெண்ணுக்கு அது தெரியும். உங்கள் வீட்டில் நடக்கும் தவறு ஒன்றுதான். நான்கு வருடப் பணி முடிவில் தரும் சேவா நிதி இன்னும் வரவில்லை, அதை வந்துவிட்ட பணமாக எல்லோரும் பேசுகிறீர்கள். மாமா மட்டுமல்ல, "நாலு வருடம் கழித்து வரும் 11 லட்சம்" என்று நீங்களும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தத் தொகை எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000. அதில் 9,000 சேவா நிதிக்குப் பிடித்தம் போக, கைக்கு வருவது 21,000. இரண்டாம் வருடம் கைக்கு 23,100, மூன்றாம் வருடம் ஏறக்குறைய 25,500, நான்காம் வருடம் 28,000. நான்கு வருடத்தில் அவன் பங்காகச் சேர்வது 5.02 லட்சம். அரசு அதே அளவு போடும். ஆக 10.04 லட்சம், அதன்மேல் வட்டி. 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன 11.71 லட்சம், வட்டியையும் சேர்த்த தொகை. அதற்கு வருமான வரி இல்லை. இதுவரை மாமா சொல்வது சரிதான்.

அவர் சொல்லாதது இனிமேல்தான் வருகிறது. நான்கு வருடம் முடிந்ததும் ஒரு பிரிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை, அதாவது நான்கு பேரில் ஒருவரை, நிரந்தரப் படைக்கு எடுப்பார்கள். உங்கள் தம்பி அந்த ஒருவனாகிவிட்டால் சேவா நிதியில் அவன் கட்டிய பங்கும் அதன் வட்டியும் மட்டும்தான் கிடைக்கும். அரசின் பங்கு கிடைக்காது. அதாவது ஏறக்குறைய 5 லட்சமும் அதற்கான வட்டியும்தான். இடையிலேயே தானாக விலக நினைத்தால், அதற்கு அனுமதி கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் அதுவரை கட்டிய தன் பங்கு மட்டும்தான் திரும்பும். பத்தாவது மாதத்தில் அப்படி ஒன்று நேர்ந்தால் கைக்கு வருவது 90,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும். நோட்டில் கையெழுத்து 3 லட்சத்துக்கு இருக்கும்.

முழுத் தொகையும் யாருக்கு வருகிறது? நான்கு வருடம் முடித்து, நிரந்தர வேலை கிடைக்காமல் 23 வயதில் பெட்டியோடு வீடு திரும்புகிறவனுக்கு. அவனுக்குப் பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. அந்தப் பத்து லட்சம்தான் அவன் படிப்பு, அவன் தொழில், அவன் கல்யாணம் எல்லாம். அதிலிருந்து குட்டி யானைக்கு எடுத்தால் அவன் வாழ்க்கையின் மூலதனத்தில் கை வைப்பதாக அர்த்தம். மாமா மனதில் இருப்பது அந்தக் காலத்துப் பட்டாளத்துக் கணக்கு. பதினைந்து, பதினேழு வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்த தலைமுறையை அவர் பார்த்திருப்பார். அது வேறு வேலை, இது வேறு வேலை.

இப்போது வட்டிக்கு வருவோம். 3 லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 6,000. 48 மாதத்தில் 2,88,000. இவ்வளவு கட்டிய பிறகும் அசல் 3 லட்சம் அப்படியே நிற்கும். மொத்தம் 5.88 லட்சம். அதே 6,000 ரூபாயை மாதாமாதம் வங்கியின் தொடர் வைப்பான ஆர்.டி.யில் போட்டால், ஆறரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் நான்கு வருடத்தில் சுமார் 3.29 லட்சம் கையில் இருக்கும். ஒரு பக்கம் 3 லட்சம் கடன், மறுபக்கம் 3.29 லட்சம் சேமிப்பு. இரண்டுக்கும் நடுவே ஆறு லட்சத்துக்கு மேல் இடைவெளி. அதைத் தீர்மானிக்கப்போவது ஒரே ஒரு கையெழுத்து.

"தொழில் ஓடினால் வட்டியை நானே கட்டிவிடுவேன்" என்று மாமா சொல்லலாம். மனதாரவே சொல்லலாம். ஆனால் கடன் கொடுத்தவர் நோட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் தேடுவார். இன்னொன்று. புரோ நோட்டை வைத்து வழக்குப் போடக் கெடு மூன்று வருடம். அதனால் அதற்குள் புது நோட்டு எழுதச் சொல்வார்கள். விடுப்பில் வந்த பையனை உட்கார வைத்து, நிலுவை வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டில் கையெழுத்து வாங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தது, தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மறுநாள் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அந்தப் பையன் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அப்படியானால் வங்கியில் எடுக்கலாமே" என்று அடுத்த யோசனை வரும். அக்னிவீரர்களுக்குப் பிணையில்லாமல் 4 லட்சம் வரை தனிநபர் கடன் தரும் திட்டங்கள் வந்துவிட்டன. வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. 4 லட்சத்துக்கு 11 சதவீதம், 42 மாதம் என்றால் தவணை சுமார் 11,500. முதல் வருடம் கைக்கு வரும் 21,000-இல் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். சுலபமாகக் கிடைப்பதாலேயே அவனுக்குக் கடன் தேவை என்று ஆகிவிடாது. மாமாவுக்கு வண்டி வேண்டுமென்றால், வண்டியையே அடமானமாக வைத்து வாகனக் கடன் அவர் பெயரில் வாங்கட்டும். அவர் பெயரில் தர வங்கி யோசித்தால், அந்த யோசனை உங்களுக்கும் வர வேண்டும்.

சரி, பயிற்சிக்கும் தங்குமிடத்துக்கும் வருகிறேன். அறை எல்லாம் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் அவனால் அங்கே போய்த் தங்க முடியாது. ராணுவத்தில் அக்னிவீரருக்குப் பயிற்சி 31 வாரம். முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, அடுத்த 21 வாரம் மேற்பயிற்சி. இந்த ஏழு மாதமும் பாரக்கில்தான் வாசம். நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள், கொசுவலை, கம்பளி, ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டிதான் அவனுடைய வீடு. விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். ஓட்டம், உடற்பயிற்சி, டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்பு, மறுபடி விளையாட்டு, இரவு ரோல் கால். உஸ்தாத் என்று அழைக்கப்படும் பயிற்சியாளர் கட்டிலின் விரிப்பு மடிப்பைக்கூட விடாமல் பார்ப்பார். சாப்பாடு லங்கர் என்ற பொதுச் சமையல் கூடத்தில், இலவசம். சீருடை, பூட்ஸ் கொடுத்துவிடுவார்கள். உடம்பு சரியில்லை என்றால் ராணுவ மருத்துவமனை. பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போன பிறகும் பாரக் வாழ்க்கைதான். அக்னிவீரர் நான்கு வருடமும் திருமணம் செய்யக்கூடாது என்பதால் குடும்பக் குவார்ட்டர்ஸ் என்ற பேச்சே வராது. விடுப்பு வருடத்துக்கு 30 நாள்.

ஆக, அவனுக்குச் செலவு குறைவு என்று மாமா சொன்னது பாதி உண்மை. சோப்பு, எண்ணெய், பூட்ஸ் பாலிஷ், பிரஷ், முடிவெட்டு, கேண்டீனில் ஒரு டீ, போன் ரீசார்ஜ், விடுப்புக்கு வரும்போது கைச்செலவு என்று மாதம் 3,000, 4,000 ஆகிவிடும். வெலிங்டன் குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்ள நல்ல பனியன்கள் இரண்டு கூடுதலாக வாங்கிக் கொடுங்கள். வங்கிக் கணக்கு, ஆவணச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து முதல் சம்பளம் வரத் தாமதமாகலாம். அதற்காக 6,000 ரூபாய் கையில் கொடுத்து அனுப்புங்கள். அந்த நாட்களில் வீட்டிலிருந்து "பணம் எங்கே?" என்று கேட்டுப் போன் போகக்கூடாது. வாரத்தில் கொஞ்ச நேரம்தான் போன் கையில் இருக்கும். அந்த நேரத்தில் அவன் அம்மா குரலைக் கேட்கட்டும்.

ஏ.டி.எம். கார்டு அவன் பெட்டியில்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கார்டு வீட்டில் இருந்தால் ஒவ்வொரு மாதமும் கணக்கு சைபருக்கு வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் எடுப்பதில்லை. அவசரம் வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகச் சம்பளக் கணக்கிலிருந்து மாதம் 5,000 அம்மா கணக்குக்குத் தானாகப் போகும்படி அவன் ஏற்பாடு செய்துவிடட்டும். 6,000 ஆர்.டி.க்கு. 6,000 மாமாவுக்கு. மிச்சம் 4,000 அவன் கைச்செலவுக்கு.

மாமாவுக்கு எதற்கு 6,000 என்றால், அவர் கொடுத்த 60,000-க்கு. இதை முக்கியமாகச் சொல்கிறேன். நன்றிக்கடன் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் அதற்கு அளவே இருக்காது. அது 3 லட்சமாகக்கூட வளர்ந்துவிடும், இப்போதே வளர்ந்துவிட்டது. பத்து மாதத்தில் 60,000-ஐ முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மாமாவுக்கும் மரியாதை, தம்பிக்கும் தலை நிமிர்வு. பதினோராவது மாதத்திலிருந்து அந்த 6,000-மும் ஆர்.டி.க்குப் போகட்டும். வருடா வருடம் கூடும் சம்பளத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.

ஏஜென்ட் சொன்ன பாலிசி வேண்டாம். அக்னிவீருக்குப் பணிக்காலம் முழுவதும் 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு இருக்கிறது, அவன் ஒரு ரூபாயும் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. 19 வயது, கல்யாணமாகாத பையன், நான்கு வருட வேலை. அவனிடம் பத்து, பதினைந்து வருடம் கட்டச் சொல்லும் பாலிசியைக் கொண்டுவருவதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐந்தாம் வருடம் வேலை இல்லாதபோது யார் கட்டுவது? காப்பீட்டோடு முதலீட்டையும் சேர்த்த யூலிப் என்றாலும், இடையிடையே பணம் திரும்பும் மணி பேக் என்றாலும் இதே பதில்தான். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. போனில் எஃப் அண்ட் ஓ என்ற பங்குச் சந்தை முன்பேர வணிகம் செய்து சம்பாதிக்கலாம் என்று யாராவது காட்டுவார்கள். 2024-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தவர்கள். தம்பியிடம் இந்த எண்ணை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

மாமாவிடம் அப்பா பேசுவது கஷ்டம்தான், மச்சான் முறை. நீங்களே பேசுங்கள், தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "மாமா, நீங்கள் கொடுத்த அறுபதாயிரம் மாதாமாதம் உங்கள் கணக்குக்கு வரும், முதல் சம்பளத்திலிருந்தே. கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்" என்று சொன்னால் போதும். அவர் கோபப்பட்டால் படட்டும். தம்பியின் பயிற்சி நிறைவு அணிவகுப்பான பாஸிங் அவுட் பரேடுக்குக் குடும்பத்தோடு வெலிங்டன் போகும்போது அவருக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள்.