டனல் பாக்கெட் அதே டனலுக்குள் திரும்பத் திரும்ப நுழைவதை இயங்குதளம் எப்படித் தடுக்கிறது? டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) போதாதா?

போதாது. டனல் என்பது ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் வழி. டிடிஎல் குறைவது பாக்கெட் ரூட்டரைத் தாண்டும்போது. இங்கே பாக்கெட் பெட்டியை விட்டு வெளியே போவதே இல்லை.

இலங்கை மலையகத்தில் நான் அதிகம் பார்க்கும் கதை இது. ஹட்டன் கடையொன்றில் லினக்ஸ் பெட்டி, அதில் ஃபோர்ஜி டொங்கிள், கொழும்பு அலுவலகத்துக்கு ஜிஆர்இ என்ற வகை டனல். டிஃபால்ட் ரூட் (தனி ரூட் இல்லாத எல்லாவற்றுக்குமான வழி) டனல் பக்கம். கொழும்பு முனையின் ஐபிக்கு மட்டும் டொங்கிள் வழியாகத் தனி ரூட். சிக்னல் போய் டொங்கிள் விழுந்து எழும்பினால், கையால் போட்ட அந்தத் தனி ரூட் போய்விடும், டிஃபால்ட் ரூட் அப்படியே நிற்கும். இனி டனல் பொதிந்த பாக்கெட்டுக்கும் வழி அதே டனல்தான். சுற்றுக்கு 24 பைட் கூடும். அதைவிட ஆபத்து, அனுப்பும் ஃபங்ஷன் தன்னையே அழைப்பது: எக்ஸ்86-64 கர்னலில் (இயங்குதளத்தின் மையம்) ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவிடமான ஸ்டாக் 16 கிலோபைட்தான், நிரம்பினால் பெட்டியே விழும்.

இந்த நேரடிச் சுற்றை லினக்ஸ் உடனே பிடிக்கும். ரூட் காட்டுவது அதே டனல் என்றால் பாக்கெட்டை எறிந்துவிட்டு, கொலிஷன் (மோதல்) எண்ணிக்கையைக் கூட்டும். மோதலுக்கே வழியில்லாத டனலில் கொலிஷன் ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு டனல்கள் ஒன்றுக்குள் ஒன்று மாறிமாறிப் போனால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்கு, அனுப்பும் ஃபங்ஷன் எத்தனை அடுக்கு தன்னையே அழைத்தது என்று எண்ண, ஒவ்வொரு சிபியூவிலும் ஓர் எண்ணி உண்டு. இப்போதைய வரம்பு 8. தாண்டினால் 'டெட் லூப் ஆன் வர்ச்சுவல் டிவைஸ், ஃபிக்ஸ் இட் அர்ஜென்ட்லி' என்று லாகில் கத்தும்.

எனக்கு இந்த எண்ணியில் முழுத் திருப்தியில்லை. அது சிபியூவில் இருக்கிறது, பாக்கெட்டில் இல்லை. வயர்கார்ட் என்ற குறியாக்கும் டனல் அந்தக் குறியாக்க வேலையை வேறு வரிசைக்குக் கொடுத்துவிடும். அழைப்பு திரும்பியதும் எண்ணி பழையபடி பூஜ்ஜியம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் பாக்கெட்டிலேயே ஒரு டேக் ஒட்டிவிடுகிறது, வரிசையில் காத்திருந்தாலும் அது கூடவே வரும். அதன் கிஃப் என்ற வகை டனலில் அடுக்கு வரம்பு வழமையாக 1. ஐபிவி6-க்கு 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2473 என்ற இணைய நெறிமுறை ஆவணமும் இதே வழிதான்: பாக்கெட்டுக்குள் ஒரு வரம்பு, தொடக்கத்தில் 4, அடுக்குக்கு ஒன்று குறையும், பூஜ்ஜியத்தில் எறியப்படும். தெமோதரையில் ரயில் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுற்றி வந்தாலும் மட்டம் இறங்கிவிடுகிறதே, அது மாதிரி.

சரி, உங்கள் பெட்டிக்கு: தனி ரூட்டைக் கையால் போடாமல், டொங்கிள் எழும்பும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள். வயர்கார்ட் என்றால் டபிள்யூஜி-குவிக் என்ற அதன் அமைப்புக் கருவி முழு ட்ராஃபிக்கையும் டனலில் விடும்போது 51820 என்ற குறியைப் போட்டு, குறியாக்கிய பாக்கெட்டை டனலின் ரூட் டேபிளுக்குள் விடாமல் பார்த்துக்கொள்ளும். அப்புறம் 'ஐபி ரூட் கெட்' கட்டளைக்கு மறுமுனை முகவரியைக் கொடுங்கள், வயர்கார்டில் அந்தக் குறியையும் சேர்த்து. பதிலில் டனல் பெயர் வந்தால் ரூட் இன்னும் சரியாகவில்லை.